‘சார், இது நார்மல்தான்!’: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரமே பழுதாவது ஏன்? நிரூபிக்க வேண்டியது யார்?

சிக்னல் பச்சையாகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் கார் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் முதலில் ஒரு உதறல், அப்புறம் ஒரு இழுப்பு, அதற்குப் பிறகுதான் வண்டி நகர்கிறது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத கார். காலையில் சர்வீஸ் சென்டரில் விட்டால் மாலையில் போன் வரும். “சார், ரோடு டெஸ்ட் பண்ணிட்டோம், எல்லாம் ஓகே. இந்த மாடல் கியர்பாக்ஸ் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். டிராஃபிக்ல நீங்க ஓட்டுற ஸ்டைலை மட்டும் கொஞ்சம் மாத்திப் பாருங்க.”

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் பலருக்கு இந்த வசனம் மனப்பாடம். இது சென்னையிலோ பெங்களூருவிலோ மட்டும் சொல்லப்படுவதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய கார் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் இதையே திரும்பத் திரும்பச் சொன்னது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் அந்த நிறுவனம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது.

அந்த நிறுவனம் ஃபோர்டு. கியர்பாக்ஸின் பெயர் பவர்ஷிஃப்ட். அந்த வழக்கில் பேசப்பட்ட மூன்று மாடல்களில் ஒன்று, மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து வந்து நம்மூர் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் இகோஸ்போர்ட்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல

ஷோரூமில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் நான்கு வேறு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன.

டார்க் கன்வெர்ட்டர்தான் இருப்பதிலேயே பழைய முறை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் சுழன்று சக்தியைக் கடத்தும். சிவிடியில் பல்சக்கர கியர்களுக்குப் பதில் இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும் இருக்கும். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மோட்டார்கள் செய்யும். இந்தியாவில் 2014-ல் மாருதி செலெரியோவோடு வந்து, குறைந்த விலையில் ஆட்டோமேட்டிக் என்ற கனவைப் பரவலாக்கியது இதுதான்.

நான்காவது, டூயல் கிளட்ச். சுருக்கமாக டிசிடி. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொரு கிளட்ச். இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாவது தயாராகக் காத்திருக்கும். அதனால் கியர் மாறுவது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மைலேஜும் நன்றாக இருக்கும்.

இந்த டிசிடியிலும் இரண்டு ரகம் உண்டு. கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருந்தால் ‘வெட்’. எண்ணெய் இல்லாமல் காற்றில் மட்டுமே குளிர்ந்தால் ‘டிரை’. டிரை கிளட்ச் எடை குறைவு, எரிபொருளும் மிச்சம். சின்ன கார்களுக்குப் பொருத்தம் என்று நிறுவனங்கள் நினைத்தன. சிக்கல் ஆரம்பித்த இடமும் அதுதான்.

டிராஃபிக்கில் உள்ளே என்ன நடக்கிறது?

மேனுவல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு ‘ஹாஃப் கிளட்ச்’ தெரியும. வண்டி மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது கிளட்சை முழுவதும் விட்டால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். முழுவதும் மிதித்தால் வண்டி நகராது. அதனால் பாதியிலேயே பிடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். அப்படி ரொம்ப நேரம் ஓட்டினால் கருகிய வாசனை வரும். “கிளட்சைத் தேய்ச்சுட்டே” என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் திட்டுவார்.

டிரை கிளட்ச் டிசிடியிலும் அதே ஹாஃப் கிளட்ச்தான். ஒரே வித்தியாசம், அதைச் செய்வது கம்ப்யூட்டர். மாலை ஏழு மணிக்கு ஓஎம்ஆரில் நூறடி நகர்ந்து, நின்று, மறுபடி நூறடி நகரும்போதெல்லாம் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கிறது. உரசினால் சூடு. அந்தச் சூட்டை எடுத்துப் போக எண்ணெய் இல்லை. வெளியே சென்னையின் மே மாத வெயில் வேறு.

டிராஃபிக்கில் கால் வலிக்கிறது என்பதற்காகத்தான் பெரும்பாலானோர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறுகிறார்கள். அந்த டிராஃபிக்தான் இந்த வகை கியர்பாக்ஸுக்கு இருப்பதிலேயே கடினமான வேலை.

பவர்ஷிஃப்ட்: என்ன நடந்தது?

அமெரிக்காவில் 2011 மாடல் ஃபியஸ்டாவிலும் 2012 மாடல் ஃபோகஸிலும் ஃபோர்டு ஆறு கியர் கொண்ட டிரை டூயல் கிளட்ச் பெட்டியைப் பொருத்தி விற்றது. நிறுவனத்துக்குள் அதன் பெயர் டிபிஎஸ்6. விளம்பரப் பெயர் பவர்ஷிஃப்ட். முதல் வேலைக்குச் சேர்ந்தவர்கள், கல்லூரி மாணவர்கள், சிறு குடும்பங்கள் என்று பட்ஜெட் பார்த்து வாங்குபவர்களை நோக்கி விற்கப்பட்ட கார்கள் இவை.

கொஞ்ச காலத்திலேயே புகார்கள் வரத் தொடங்கின. கிளம்பும்போது நடுக்கம், கியர் மாறும்போது முட்டல், ஆக்சிலேட்டரை மிதித்தும் நகராமல் ஒரு தயக்கம், சில கார்களில் ஓடும்போதே சக்தி போய்விடுவது. சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்து அனுப்பினார்கள். மறுபடி வந்தால் கிளட்சை மாற்றினார்கள். மாற்றிய கிளட்சும் சில மாதங்களில் நடுங்கியது.

2014-ல் ஃபோர்டு அமெரிக்காவில் வாரன்டியை நீட்டித்தது. குறிப்பிட்ட கார்களின் கிளட்சுக்கும் சீலுக்கும் 7 ஆண்டுகள் அல்லது 1 லட்சம் மைல். கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு 10 ஆண்டுகள் அல்லது 1.5 லட்சம் மைல். இது பெரிய சலுகைதான். ஆனால் வாரன்டி நீண்டாலும் மாற்றப்படுவது அதே வடிவமைப்பில் வரும் உதிரிபாகம் என்றால், உரிமையாளர் சர்வீஸ் சென்டருக்கு அலைவதும் சேர்ந்து நீளும்.

2012-லேயே கலிபோர்னியாவில் ஒரு கூட்டு வழக்கு தொடங்கியிருந்தது. சுமார் 19 லட்சம் பேர், அதாவது அந்தக் கார்களின் இன்றைய, முன்னாள் உரிமையாளர்கள், அதன் வரம்புக்குள் வந்தார்கள். சமரசத்துக்கு 2017-ல் கிடைத்த ஒப்புதலை 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்து திருப்பி அனுப்பியது. திருத்தப்பட்ட சமரசத்துக்கு 2020-ல்தான் இறுதி ஒப்புதல் கிடைத்தது. எட்டு ஆண்டுகள். வழக்கு தொடங்கியபோது புத்தம் புதிதாக இருந்த கார், முடியும்போது பழைய கார் சந்தையில்கூட விலைபோகாத நிலையில் இருந்திருக்கும்.

நடுவே 2019 ஜூலையில் ‘டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்’ நாளிதழ் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. கார் சந்தைக்கு வரும் முன்பே இந்த கியர்பாக்ஸ் குறித்து நிறுவனத்துக்குள் எச்சரிக்கைக் குரல்கள் எழுந்தன என்பது உள் ஆவணங்களின் அடிப்படையில் அந்தச் செய்தி சொன்னது. சிக்கல்களைத் தீர்க்க எதிர்பார்த்ததைவிட அதிக காலம் பிடித்தது என்பதை ஃபோர்டு ஒப்புக்கொண்டது. கார்கள் பாதுகாப்பானவையே என்ற நிலையிலிருந்து மட்டும் அது இறங்கவில்லை.

‘உங்க டிரைவிங்தான் காரணம்’

இந்தக் கதையில் இந்திய வாசகர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய பகுதி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது.

அங்கே பவர்ஷிஃப்ட் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோகஸ், இகோஸ்போர்ட் கார்கள் 70,000-க்கும் மேல் விற்றன. அவற்றில் கிட்டத்தட்ட பாதிக்கு ஒரு முறையாவது கியர்பாக்ஸ் ரிப்பேர் நடந்திருந்தது. அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2017-ல் ஃபோர்டு ஆஸ்திரேலியா மீது வழக்கு தொடுத்தது.

வழக்கின் மையம், கியர்பாக்ஸ் பழுதானது என்பதல்ல. பழுதை எடுத்துக்கொண்டு வந்தவர்களை நிறுவனம் எப்படி நடத்தியது என்பதுதான். 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரை வந்த புகார்களை ஆணையம் எடுத்துக்கொண்டது. நடுக்கத்துக்குக் காரணம் வாடிக்கையாளர் ஓட்டும் விதம்தான் என்று பலரிடம் சொல்லப்பட்டது. கியர்பாக்ஸில் தர பிரச்சினை இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொல்லப்பட்டது என்பதுதான் இதில் கனமான விஷயம். பல முறை ரிப்பேர் செய்தும் சரியாகாதவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பெரும்பாலானோருக்கு அது மறுக்கப்பட்டது. வேறு கார் வேண்டுமென்றால் கையிலிருந்து கூடுதலாகப் பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ‘லாயல்டி’ திட்டம் காட்டப்பட்டது. பழுதான காரைக் கொடுத்த நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் காட்ட வேண்டிய விசுவாசம்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் இதை மனசாட்சிக்கு விரோதமான நடத்தை என்று அறிவித்து 1 கோடி டாலர் அபராதம் விதித்தது. பழைய புகார்களை மறுபடி பரிசீலிக்கவும் நிறுவனம் எழுத்துப்பூர்வமாக உறுதி கொடுத்தது.

அதே ஆண்டு தாய்லாந்திலும் ஒரு தீர்ப்பு வந்தது. அங்கே சுமார் 300 உரிமையாளர்கள் சேர்ந்து போட்ட வழக்கில் இழப்பீடு தர ஃபோர்டுக்கு உத்தரவிடப்பட்டது. பாங்காக் டிராஃபிக்கும் வெயிலும் எப்படி இருக்கும் என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கெட்டது எது?

கார் உரிமையாளர்கள் தனியாகத் தொடுத்த இன்னொரு ஆஸ்திரேலியக் கூட்டு வழக்கில் 2021 ஜூனில் வந்த தீர்ப்பு, பொறியியல் பாடம் மாதிரி கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டது.

கியர்பாக்ஸிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் சீல் கசிந்து, உலர்ந்திருக்க வேண்டிய கிளட்சில் எண்ணெய் பட்டது. எண்ணெய் பட்ட கிளட்ச் சீராகப் பிடிக்காது, விட்டுவிட்டுப் பிடிக்கும். அதுதான் நடுக்கம். எஞ்சின் பின்பக்க சீலிலும் இதே கதை. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருளே பொருத்தமானதாக இல்லை. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு சிப்பின் ஈயப்பற்று இணைப்புகளில் விரிசல் விழுந்தது. விரிசல் விழுந்தால் சிக்னல் போகாது. சிக்னல் போகவில்லையென்றால் கியர் விழாது.

இவையெல்லாம் உதிரிபாகக் கோளாறுகள். காலப்போக்கில் மாற்றுப் பாகங்கள் வந்தன. ஆனால் நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது. எஞ்சினிலிருந்து வரும் அதிர்வை உள்வாங்கும் ஏற்பாடு இந்த வடிவமைப்பில் போதவில்லை. அது ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டினால் தீர்கிற விஷயமில்லை. கார்கள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று தீர்ப்பானது. இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற மேல்முறையீடு 2024 நவம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை போனது.

சீல் கசிவதற்கும் ஈயப்பற்று விரிசல் விடுவதற்கும் ஓட்டுநரின் கால் என்ன செய்யும்?

நம்மூரில்

இந்தியாவில் 2012-ல் ஃபியஸ்டாவிலும், 2013-ல் இகோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும், 2015-ல் ஃபிகோ, ஆஸ்பயரிலும் பவர்ஷிஃப்ட் டூயல் கிளட்ச் வந்தது. 2017 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட இகோஸ்போர்ட் வந்தபோது, டூயல் கிளட்ச் சத்தமில்லாமல் விடைபெற்று டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருந்தது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று சொன்னாலும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கு கியர்பாக்ஸ் பாகம் தேடுவது எப்படி என்பது உரிமையாளருக்குத்தான் தெரியும்.

ஃபோர்டு மட்டும் இந்த வலையில் சிக்கவில்லை. ஃபோக்ஸ்வேகனின் ஏழு கியர் டிஎஸ்ஜியும் டிரை டூயல் கிளட்ச்தான். 2013 மார்ச் 15-ம் தேதி நுகர்வோர் தினத்தன்று சீன அரசுத் தொலைக்காட்சி அதன் குறைகளை ஒளிபரப்ப, சில நாட்களிலேயே அந்நாட்டில் 3,84,181 கார்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகம் முழுவதும் 16 லட்சம் கார்களுக்கு கியர்பாக்ஸின் சிந்தெடிக் எண்ணெயை மாற்றி மினரல் எண்ணெய் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் அதிகமுள்ள ஊர்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில் பழைய எண்ணெயால் மின் கோளாறு வரலாம் என்பதே காரணம். ஜெர்மனியின் குளிரில் தெரியாதது ஆசியாவின் புழுக்கத்தில் தெரிந்தது. அமெரிக்காவில் நிஸானின் சிவிடி மீதும் வரிசையாகக் கூட்டு வழக்குகள் வந்தன. பல மாடல்களுக்கு கியர்பாக்ஸ் வாரன்டி 60 மாதத்திலிருந்து 84 மாதமாக நீண்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு டிசிடியே வேண்டாம், சிவிடியே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒரே வகைக்குள் நல்ல தயாரிப்பும் உண்டு, மோசமானதும் உண்டு. எண்ணெயில் மூழ்கிய வெட் கிளட்ச் டிசிடிக்கு டிரை கிளட்சின் சூட்டுப் பிரச்சினை அந்த அளவுக்குக் கிடையாது. எந்த ரகம் என்பதை விற்பனையாளரிடம் நேரடியாகக் கேட்கலாம். “ஆட்டோமேட்டிக் சார், அவ்வளவுதான்” என்று பதில் வந்தால் வேறு ஆளைக் கேட்பது நல்லது.

ஓட்டும் விதத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. மேம்பாலச் சரிவில் பிரேக் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைத்தால் எந்த டிரை கிளட்சும் கருகும். ஏஎம்டிக்கும் இது பொருந்தும். முன்னால் ஒரு கார் நீளம் இடம் கிடைத்த பிறகு நகர்வது, சரிவில் பிரேக்கை நம்புவது இரண்டும் கிளட்சின் ஆயுளைக் கூட்டும். ஆனால் ‘சிட்டி டிரைவுக்கு ஏத்தது’ என்று சொல்லி விற்ற கார் சிட்டியைத் தாங்கவில்லை என்றால், பாடம் படிக்க வேண்டியவர் ஓட்டுநர் மட்டுமல்ல.

சட்டம் யார் பக்கம்?

அமெரிக்காவில் ‘லெமன் சட்டம்’ என்று ஒன்று உண்டு. எத்தனை முறை ரிப்பேர் செய்தும் சரியாகாத புது காரை நிறுவனமே திரும்ப வாங்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து இருக்கும் சட்டம் இன்னும் எளிமையானது. வாங்கி ஆறு மாதத்துக்குள் ஒரு குறை தெரிந்தால், அது டெலிவரியின்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை.

இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இங்கே தயாரிப்புக் குறை இருக்கிறது என்பதை நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுகிறது. 2006-ல் மாருதி உத்யோக் தொடர்பான ஒரு வழக்கில், வாரன்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்வதற்கோ மாற்றுவதற்கோ மட்டும்தான், முழு காரையே மாற்றித் தருவதற்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘புது கார் கொடு’ என்று கேட்பவர்கள் முன்னால் நிறுவனங்களின் வக்கீல்கள் இன்றும் வைக்கும் தீர்ப்பு அது.

2019 சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ என்று ஒரு புது அத்தியாயம் வந்ததே, அது உதவாதா என்று சிலர் கேட்பதுண்டு. கியர்பாக்ஸ் விஷயத்தில் அது கைகொடுக்காது. அந்த அத்தியாயம் ஒரு பொருளால் மனிதருக்கோ வேறு உடைமைக்கோ ஏற்படும் தீங்கைப் பற்றியது. அந்தப் பொருளே கெட்டுப்போவது அதில் சேராது என்று சட்டத்தின் வரையறையிலேயே எழுதியிருக்கிறது. குறைபாடுள்ள பொருள், குறைபாடுள்ள சேவை என்ற வழக்கமான வழியில்தான் போக வேண்டும்.

அந்த வழியில் செலவு குறைவு என்பது ஆறுதல். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய காருக்கு மாவட்ட ஆணையமே போதும். 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 400 ரூபாய். வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதும் இல்லை, குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தால், வழக்குக்குப் போகாமலேயே சில விஷயங்கள் முடிவதுண்டு. கவனிக்க வேண்டியது காலக்கெடு. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தை அணுக வேண்டும். “இன்னொரு சர்வீஸ் பார்ப்போம்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் கதவு மூடிவிடும்.

வண்டியைப் பார்த்துச் சொல்ல ஒரு நிபுணர் தேவை என்று ஆணையம் கருதினால், பரிசோதனைக்கு அனுப்பச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. அதைக் கேட்டு மனு போடுவது முக்கியம். நிபுணர் அறிக்கை இல்லை என்பதாலேயே பலருடைய வழக்குகள் பாதியில் சாய்ந்துவிடுகின்றன.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற அரசே உத்தரவிட முடியும். 2021 ஏப்ரலிலிருந்து விதிகள் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, உரிமையாளர்களிடமிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும். ஆனால் சுற்றுச்சூழலுக்கோ வண்டியில் இருப்பவர்களுக்கோ சாலையில் போகிறவர்களுக்கோ ஆபத்து தரும் குறையாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் திடீரென்று சக்தி போவதை அப்படி வாதிடலாம். சிக்னலில் வரும் உதறலுக்கு இது பொருந்துவது கடினம்.

ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது?

அமெரிக்கச் சமரசத்தில் யாருக்கு எவ்வளவு பணம் என்பது எதை வைத்து முடிவானது தெரியுமா? சர்வீஸ் சென்டருக்கு எத்தனை முறை போனார்கள், ஒவ்வொரு முறையும் பாகம் மாற்றினார்களா, சாஃப்ட்வேர் மட்டும் போட்டார்களா என்ற பதிவுகளை வைத்து. மூன்று முறைக்குக் குறைவாகப் பதிவு இருந்தவர்களுக்கு அந்த வகைப் பணம் இல்லை. வருடக்கணக்கில் உதறலைச் சகித்துக்கொண்டு, “சரி, பழகிப்போச்சு” என்று ஓட்டியவர்களின் அவஸ்தை எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

இங்கேயும் அதேதான். வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைஸர் ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்-அப்’ என்று எழுதி கையெழுத்து வாங்கிவிடுவார். திரும்பி வரும்போது ‘ஓகே’. அடுத்த தடவை போனால் அதே ‘ஜெனரல் செக்-அப்’. நான்கு முறை போயிருப்பார், ஆனால் கியர்பாக்ஸ் என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இருக்காது. “எஞ்சின் சூடான பிறகு, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உதறுகிறது” என்று சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லி, அதன் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். “எழுத வேணாம் சார், நான் பார்த்துக்கறேன்” என்பார்கள். எழுதத்தான் வேண்டும்.

வண்டி குளிர்ந்திருக்கும்போது பிரச்சினை வராது என்பதும் பலரைத் தோற்கடிக்கும் விஷயம். காலையில் காலி ரோட்டில் மெக்கானிக் ஓட்டிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி போகும். எந்த ரோட்டில், எந்த நேரத்தில் உதறுகிறதோ அங்கேயே டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டக் கேட்கலாம். பக்கத்து சீட்டில் இருப்பவர் மீட்டர் தெரியும்படி வீடியோ எடுக்கலாம். ஸ்கேன் செய்தால் வரும் எரர் கோடுகளின் பிரின்ட்டைக் கேட்கலாம். “இது நார்மல்” என்று வாயால் சொன்னால், அதையே மெயிலில் எழுதித் தரும்படி கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் பேச்சின் தொனி மாறுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

வாரன்டி கையேட்டில் படிக்க வேண்டியது ஒரு பக்கம்தான்: எதற்கெல்லாம் வாரன்டி இல்லை என்ற பக்கம். கிளட்ச் பொதுவாக ‘தேயும் பாகம்’ பட்டியலில் இருக்கும். மேனுவல் காருக்கு அது நியாயம், மிதிப்பது நாம்தான். கம்ப்யூட்டரே மிதித்துக்கொள்ளும் காரிலும் அதே வரியை அப்படியே வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மாருதி சுசூகி 2024 ஜூலையில்தான் தன் வழக்கமான வாரன்டியை 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. டிசிடி, சிவிடி கார்களுக்கு வாரன்டி முடிந்தபின் கியர்பாக்ஸ் வேலை வந்தால் பில் லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுப்பதென்றால், கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரும் கிளட்ச் தொகுதியும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டபிறகு பணம் கட்டுவது நல்லது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

ஆஸ்திரேலிய வழக்கில் பெரிதாகப் பேசப்படாத ஒரு விஷயம் இருந்தது. வாடிக்கையாளர்கள் அலுத்துப்போய் ஒப்படைத்த கார்கள் மறுபடி விற்பனைக்குப் போனபோது, அவற்றின் கியர்பாக்ஸ் வரலாறு வாங்கியவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதும் ஆணையத்தின் குற்றச்சாட்டு.

பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கும் இளைஞர்கள் இப்போது அதிகம். விற்பவர் வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது போதாது. அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி, கியர்பாக்ஸ் நன்றாகச் சூடான பிறகு, ஒரு மேம்பாலச் சரிவில் நிறுத்தி மெதுவாகக் கிளப்பிப் பார்க்க வேண்டும். நேராகவும் ரிவர்ஸிலும். பதிவு எண்ணைக் கொடுத்து, அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்க வேண்டும். அதில் கிளட்ச் ஒருமுறை மாறியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே வருடத்தில் இரண்டு முறை மாறியிருந்தால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் அடுத்த காரைப் பார்க்கலாம்.